ஆடும் மேசை

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவன் ஒருவன்)



பருவத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கையில் உங்கள் மேசை ஆடியதுண்டா? எனக்கு ஆடியது. நான்காம் பருவத்தில், பொருளாதார வரலாற்றுத் தாளன்று, நான் ஒரு கோடு இழுத்தால் மேசை இரண்டு கோடு இழுத்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வெற்றுத் தாள் ஒன்றை எட்டாக மடித்து ஆடும் காலுக்கு அடியில் செருகினேன். கண்காணிப்புக்கு வந்திருந்த வேறு துறைப் பேராசிரியர் அதைக் கண்டுவிட்டார். குனிந்தார், எடுத்தார், விரித்தார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்துமில்லை. ஒன்றும் பேசாமல் அதே மடிப்பில் மடித்து, தாமே குனிந்து காலுக்கடியில் செருகிவிட்டு நகர்ந்தார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன். அந்த மேசை இன்றும் ஆடுகிறது. அடியிலிருக்கும் தாள்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நான் எழுத வந்தது வேறொரு மேசையைப் பற்றி. அது கடலில் போகும் மேசை.

என் தாய்மாமன் தச்சர். குமரி மாவட்டக் கடற்கரையில் வள்ளம் கட்டியவர். மரவள்ளம் போய்க் கண்ணாடியிழைப் படகு வந்தபோது ஊரில் வேலை குறைந்தது, கொச்சிக்குப் போய்விட்டார். குளிர்காலத் திங்கள்களில், வாடைக் காற்றை நம்பி, ஐரோப்பியர் சிலர் தம் சொந்தப் பாய்மரப் படகுகளில் கொச்சிக் காயலுக்கு வந்து சில வாரம் தங்கிப் போவதுண்டு. நெடும்பயணத்தில் அடிபட்ட படகுகளில் ஏதாவதொன்று உடைந்திருக்கும். அதைச் சரிசெய்வது மாமாவுக்குப் பிழைப்பு. இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் அவருக்குக் கையாளாகப் போனேன். படித்துக் களைத்த மூளைக்கு மாற்றாக இருக்கட்டும் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். உண்மையில் கைச்செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது.

அந்தப் படகு முப்பத்தாறு அடி நீளம். வயதான கணவனும் மனைவியும் இருவர் மட்டுமே அதில் பயணம் செய்கின்றனர். உள்ளே இறங்கினால் நம் வீட்டு நடுக்கூடம் அளவுக்கு ஓர் அறை. இருபுறமும் மெத்தையிட்ட இருக்கைகள். நடுவில் தேக்கு மேசை. ஒற்றைக்கால் மேசை. அந்தக் கால் அலுமினியக் குழாய். அதன் அடித்தட்டு எட்டுத் திருகாணிகளால் தரைப்பலகையில் முடுக்கப்பட்டிருந்தது. மேசை விளிம்பைத் தொட்டால் ஓரங்குலம் அசைந்தது. குறை அவ்வளவுதான்.

எங்களை அழைத்துவந்த இடைத்தரகர் வேலையையும் சொல்லி, தீர்வையும் சொல்லிவிட்டார். "பெரிய ஸ்க்ரூவாப் போட்டு முடுக்கிட்டு வாங்க. ஒரு மணி நேர வேலை." நானும் அப்படியே எண்ணினேன். பையிலிருந்து திருப்புளியை எடுத்தும் விட்டேன்.

மாமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மேசையை மெல்லத் தள்ளினார், விட்டார், மறுபடியும் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரம் இதே வேலை! மேலே தளத்தில் அந்த அம்மையார் தேநீருடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூலிக்கு வந்தவர் தூங்குகிறார் என்று அவர் நினைத்தால்?

"எங்கல ஆடுது?" என்றார் மாமா.

"மேலதான் மாமா. பலகை ஆடுது."

"கண்ணால பாக்காத. கைய வச்சுப் பாத்துட்டுச் சொல்லு மக்கா."

இரண்டு பொருள் சேரும் இடத்தில் விரலைக் குறுக்கே வைத்தால், எது அசைகிறது எது அசையவில்லை என்று விரல் சொல்லிவிடும். மேற்பலகையும் காலும் சேருமிடத்தில் வைத்தேன். அசைவில்லை. காலும் அடித்தட்டும் சேருமிடம்: அங்கும் இல்லை. அடித்தட்டும் தரையும் சேருமிடத்தில் விரல் நசுங்கியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்து, தரைப்பலகையும் பக்கத்துப் பலகையும் சேரும் கோட்டில் வைத்தார். அதுவும் அசைந்தது! மேசை தரையில் ஆடியது. தரை படகில் ஆடியது. மேலே நான் கண்ட ஓரங்குலம் இந்த இரண்டு சிற்றசைவும் கூடிப் பெருகிய ஆட்டம். மேசையை எத்தனை திருகாணி போட்டு முடுக்கினாலும் பாதி ஆட்டம் போயிருக்காது.

பிறகுதான் திருப்புளிக்கு வேலை வந்தது. எட்டுத் திருகாணியும் மூன்று வெவ்வேறு பருமனில் இருந்தன. ஒரு துளையில் தீக்குச்சிகளை ஒடித்துச் செருகியிருந்தார்கள். எங்களுக்கு முன்பே இரண்டு துறைமுகங்களில் இரண்டு பேர் "பெரிய ஸ்க்ரூ" வைத்தியம் செய்திருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. துளைகளைச் சுற்றிப் பலகை கறுத்திருந்தது. ஆடும் திருகாணியின் ஓரமாகத் தண்ணீர் இறங்கும்; இறங்கினால் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் ஊறும்; ஊறிய மரம் திருகாணியைப் பிடிக்காது; பிடிக்காத திருகாணி மேலும் ஆடும். அரை அங்குலக் கனமுள்ள பலகையில் எத்தனை முறைதான் துளையைப் பெரிதாக்குவது?

தரைப்பலகையைத் தூக்கினோம். தோழர்களே, அங்கே கண்டதுதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. கீழே எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டி. இருவருக்கும் குடிநீர் அதில்தான். கடைசியாக வந்தவர் போட்ட இரண்டங்குலத் திருகாணிகளின் முனைகள் பலகையைத் துளைத்துக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்கும் தொட்டியின் மேல்தகட்டுக்கும் இடையே அரை அங்குலம் இருந்தது. தரகர் சொன்ன "பெரிய ஸ்க்ரூ" மூன்றங்குலம். என் பையில் அதுதான் இருந்தது. திருப்புளி என் கையில் இருந்தது! அவர்கள் அங்கிருந்து மாலத்தீவுக்கும், பிறகு ஆயிரம் கடல் மைலுக்கு மேல் கரையே காணாமல் செய்செல்சுக்கும் போக இருந்தார்கள். தொட்டியின் தலையில் எட்டு ஓட்டை போட்டு, அவற்றின் வழியே அடித்தளத்து அழுக்குநீரைக் குடிநீரில் கலக்க வழிசெய்து, கூலியும் வாங்கிக்கொண்டு, வணக்கம் சொல்லி இறங்கியிருப்பேன்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். பழுது பார்ப்பதில் பெரும்பகுதி பழுதைப் பார்ப்பது. சொல்லிலேயே அது இருக்கிறது. நாமோ அந்த அரை மணி நேரத்துக்குக் கூலி தருவதில்லை. அதைச் சோம்பல் என்கிறோம். முடுக்குகிற கைக்குத்தான் காசு. கண்டுபிடிக்கிற கைக்கு இல்லை. மருத்துவர் நாடி பார்த்தால் கட்டணம் தருகிறோம். தச்சர் மேசையைத் தட்டிப் பார்த்தால் "என்னப்பா, வேலையை ஆரம்பி" என்கிறோம். இது என்ன நியாயம்?

"ஒரு மேசைக்கா இவ்வளவு?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். மாமா படகிலேயே அதற்கு விடை காட்டினார். படகு மேசையின் விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் எழும்பியிருக்கும். படகு சாயும்போது தட்டும் குவளையும் வழுக்கி விழாமல் தடுப்பது அது. தட்டுக்குத் தடுப்பு அது. ஆளுக்குத் தடுப்பு மேசையே. நடுக்கடலில் அறைக்குள் நடப்பவர் ஒரு கையால் ஏதாவதொன்றைப் பற்றியபடியே நடக்க வேண்டும். அறையின் நடுவில் பற்றுவதற்கு மேசையைத் தவிர வேறொன்றுமில்லை. அலை ஓங்கி அடிக்கும் நேரத்தில் அவர் மேசையைப் பற்றமாட்டார், அதன்மேல் எறியப்படுவார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். (வரலாற்று மாணவனின் கணக்கு, இயற்பியல் துறையினர் பொறுத்தருள்க.) மேசை உயரம் எழுபது சென்டிமீட்டர். அடித்தட்டின் அகலம் இருபது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் விளிம்பில் பக்கவாட்டாகத் தம் முழு எடையையும் சாய்த்தால், நெம்புகோல் விதிப்படி எதிர்ப்புறத் திருகாணிகளை மேலே பிடுங்கும் விசை அதைப்போல் மூன்றரை மடங்கு. ஏறத்தாழ இருநூற்று நாற்பத்தைந்து கிலோ. இது சாய்வதற்கு மட்டும். எறியப்பட்டால் எவ்வளவோ! அந்த விசையைத் தாங்குவது எது? கறுத்துப்போன அரை அங்குலப் பலகையும் தீக்குச்சியும்.

கடல் அப்படியெல்லாம் செய்யுமா என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1979 ஆகஸ்டில், இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் படகுப் போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. இடைவழியில் புயல். பல படகுகள் பாய்மரம் தண்ணீரைத் தொடுமளவுக்குச் சாய்த்துத் தள்ளப்பட்டன. 24 படகுகளை ஆட்கள் கைவிட்டனர். 5 மூழ்கின. போட்டியாளர் 15 பேர் மாண்டனர். படகு பக்கவாட்டில் படுக்கும்போது அறைக்குள் சுவர் தரையாகிறது. பிடிப்பில்லாத ஒவ்வொரு பொருளும் ஆளைத் தேடி விழுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மேசையைப் பூட்ட வேண்டும். காயலில் நங்கூரமிட்டுத் தேநீர் அருந்தும் மாலைக்கு மடித்த தாளே போதும்.

வேலை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் ஊறிய பலகையைக் காயவைப்பதிலும் துளைகளைச் சுரண்டுவதிலும் போயிற்று. கறுத்த மரம் முழுவதையும் எடுத்து, துளையைப் பெரிதாக்கி, எப்பாக்சிப் பசையில் தூள் கலந்து கெட்டியாக்கி நிரப்ப வேண்டும். பசையும் கெட்டிப்பானும் தனித்தனிப் புட்டிகளில் வரும், இரண்டையும் அளந்து கலக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது. அடிக்கடி கலப்பானேன் என்று நான் ஒரு குவளை நிறையக் கலந்துவிட்டேன். சிறிது நேரத்தில் குவளை சுட்டது, புகைந்தது, கல்லாயிற்று. கலவை தன் சூட்டிலேயே வேகும் பொருள். கொச்சி வெயில் வேறு. மாமா திட்டவில்லை. அகன்ற தட்டில் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கச் சொன்னார். பரப்பினால் சூடு தங்காதாம். அந்தக் கல்குவளையை ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். என் அறையில் அதுதான் காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் எடை.

இரண்டாம் நாள், முக்கால் அங்குலக் கனத்தில் நல்ல ஒட்டுப்பலகை ஒன்றை, அடித்தட்டைவிட நாற்புறமும் அகலமாக வெட்டி, தரைப்பலகையின் அடிப்பக்கம் ஒட்டினார். இழுப்பு வந்தால் அந்த அகலம் முழுவதும் பங்கிட்டுத் தாங்கும். திருகாணிகளுக்குப் பதில் மேலிருந்து கீழே ஊடுருவும் எட்டு போல்ட்டுகள். கீழே பெரிய வாசரும் நட்டும். ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் அளந்து அறுத்தார். எல்லாம் பூட்டிய பின்னும் தொட்டிக்கு மேலே அரை அங்குலம் மிஞ்சியது. எஃகு அலுமினியத்தை நேரே தொடக்கூடாதென்று நடுவே நைலான் வளையம். உப்புக்காற்றில் இவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பழைய அடித்தட்டின் துளைகளில் அந்தப் பொடியைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

தரைப்பலகை ஆடியதற்குக் காரணம் அது உட்காரும் சட்டங்கள் தேய்ந்திருந்ததுதான். மெல்லிய தேக்குச் சீவல்களை ஒட்டி மேடாக்கி இழைத்தார். அங்கே ஒரு வாக்குவாதம் நடந்தது. பலகையைச் சட்டத்தோடு சேர்த்து ஒரேயடியாக ஒட்டிவிடலாமே என்றார் படகுக்காரர். அப்படிச் செய்தால் என்றைக்கும் ஆடாதுதான். மாமா தலையசைத்துவிட்டு என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்: "நாளைக்குத் தொட்டி ஒழுகினா எப்படித் திறப்பாராம்?" ஒட்டாமல், கழற்றக்கூடிய திருகுகளால் பூட்டினார். அடுத்து வரும் தச்சனுக்கும் வழி விடவேண்டும் என்பது அவர் கொள்கை. அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன?

கடைசியில் சோதனை. நான் கையால் தள்ளிப் பார்க்கப் போனேன். மாமா தடுத்தார்.

"தள்ளாத. மேல விழு."

"மாமா?"

"ஓடி வந்து விழுல மக்கா."

விழுந்தேன். இரண்டு நாள் விலா வலித்தது. மேசை அசையவில்லை. அந்த அம்மையார் முதலில் பதறிப்போய்ப் பிறகு கைதட்டினார்.

கூலி விஷயத்தில் தரகர் ஒரு மணி நேரக் கணக்கில்தான் பேரம் தொடங்கினார். முடிவில் ஒன்றரை நாள் கூலி வந்தது. தொட்டியைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா கண்ணால் அடக்கினார். நடக்காமல் போன கேட்டுக்கு எவன் காசு தருவான் என்பது அவர் எண்ணம். இதில் மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. சொல்லாவிட்டால் அடுத்த படகிலும் அதே தரகர் அதே "பெரிய ஸ்க்ரூ" தீர்வைச் சொல்வார். அங்கே மாமா இருக்கமாட்டார், என்னைப் போல் ஒருவன் திருப்புளியோடு நிற்பான்.

நூலகத்துக்கு வந்ததும் படகுகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜோஷுவா ஸ்லோகம் என்ற மாலுமி, அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் ஊரில், வயல்வெளியில் முட்டுக்கொடுத்துக் கிடந்த 'ஸ்ப்ரே' என்னும் கிழட்டுப் படகை 1892-இல் பெற்று, தம் கையாலேயே புதுப்பித்தார். பொருள்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு பதின்மூன்று திங்கள். வேடிக்கை பார்த்த ஊரார் அவரிடம் கேட்டது, இது கட்டுபடியாகுமா என்பது. 1895-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட அந்தப் படகில்தான் அவர் தனியொருவராக உலகைச் சுற்றி 1898-இல் திரும்பினார். அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. செலவைச் சென்ட் வரை எழுதிவைத்த அவர் தம் பதின்மூன்று திங்களுக்கு விலை போடவில்லை. போட்டிருந்தால் ஊரார் இன்னும் சிரித்திருப்பார்கள்.

தற்காலிகப் பழுதே கூடாது என்று நான் வாதிடவில்லை. தேர்வு மூன்று மணி நேரம். அதற்கு மடித்த தாள் சரியான மருந்து. நடுக்கடலில் மேசைக்கால் பிடுங்கிக்கொண்டால் மாமாவே கயிற்றால் கட்டிவைக்கத்தான் சொல்வார். கயிறு கண்ணுக்குத் தெரியும். கரைக்கு வந்ததும் அவிழ்க்க வேண்டியது என்று தன்னையே காட்டிக்கொண்டிருக்கும். தீக்குச்சி செருகி, மேலே திருகாணி முடுக்கி, மெருகெண்ணெயும் பூசிவிட்டால் எவருக்கும் தெரியாது. நான் குறைசொல்வது அந்த மெருகெண்ணெயைத்தான்.

கொச்சியிலிருந்து புறப்படும் நாளன்று, பட்டம் பெற்றதும் உங்களோடு வந்து சேர்ந்துவிடட்டுமா என்று மாமாவைக் கேட்டேன். இதற்கா உன்னைக் கல்லூரியில் சேர்த்தோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வள்ளம் கட்டக் கற்ற கடைசி ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகைக்குப் பின்னால் 31 பெஞ்சுகளும் மேசைகளும் குவிந்து மழையில் நனைகின்றன. போன வாரம் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பதில் மரம் நன்றாகவே இருக்கிறது. மூட்டு மட்டும் விட்டிருக்கிறது. முதல்வர் அவர்கள் அனுமதி தந்தால், மாணவர் பத்துப் பேர் சேர்ந்து, மாமாவை ஒரு சனி ஞாயிறு அழைத்துவந்து செய்துமுடிக்கலாம். அவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் வேண்டும் என்றார். முதல் நாள் ஒரு திருகாணியையும் தொடமாட்டாராம், பார்ப்பாராம். செலவுச் சீட்டில் அந்த முதல் நாளையும் கூலி நாளாகவே எழுத வேண்டும் என்பது என் ஒரே வேண்டுகோள்.

தேர்வு மண்டபத்தில் என் மேசை சன்னலோரம், மூன்றாம் வரிசை, எண் 47. அதைத்தான் முதலில் கவிழ்த்துப் பார்க்கப் போகிறேன்.